ஆறு பத்து பஸ்ஸும் அவல் சம்படமும்

சித்ரலேகாவுக்கு வேலை உத்தரவு வந்த அன்றைக்கு வீட்டில் ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. தொண்ணூற்று நாலாம் வருஷம், ஆனி மாதம். பதினோரு வருஷமாக எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் படியேறிப் பதிவைப் புதுப்பித்துப் புதுப்பித்து, அட்டையின் ஓரமெல்லாம் நைந்துபோன பிறகு வந்த வேலை. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்னாலேயே டீச்சர் டிரெயினிங் முடித்தவள் அவள். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த கவரைப் பிரித்துப் படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், அப்புறம் பூஜை அலமாரி முன்னால் போய் நின்றாள். எந்த ஊர் என்று மட்டும்தான் மாமனார் பூதலிங்கம் கேட்டார். சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம் என்றாள். அது பனங்காடுல்லா என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். அதோடு வாழ்த்து முடிந்தது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் கோபப்படுவது உங்களுக்குப் புரியாது. திருநெல்வேலி டவுன், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. சைவக் குடும்பம். பூதலிங்கத்தின் அப்பா காலத்தில் வயல் இருந்தது. இப்போது வயல் இல்லை, வயல் இருந்த காலத்து மிடுக்கு மட்டும் இருக்கிறது. அவர் விடிய ஐந்து மணிக்குக் குறுக்குத்துறைக்கு நடந்துபோய் ஆற்றில் முழுகுவார். நெல்லையப்பரைக் கும்பிட்டுவிட்டு, வருகிற வழியில் ஒரு கிளப் கடையில் காபி குடித்துவிட்டு, எட்டு மணிக்கு வீடு வந்து சேருவார். வந்த உடனே தட்டில் இட்லி ஆவி பறக்க இருக்க வேண்டும். மகன் கார்த்திகேசன், சித்ரலேகாவின் புருஷன், ஒரு அரசாங்க ஆபீஸில் கிளார்க். மனு எழுதுவதில் புலி. வீட்டுக்குள் புலியெல்லாம் கிடையாது, அக்கா கோமு என்ன சொல்லுகிறாளோ அதுதான். கோமு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். வேலை உத்தரவு வந்ததும், அப்பாவுக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் மத்தியானச் சோறு நான் கொடுத்தனுப்புகிறேன் என்று அவளே முன்வந்து சொன்னாள். நல்ல மனசுதான். ஆனால் ஒரு கரண்டி சோற்றுக்கு ஒன்பது பேரிடம் சொல்லுவாள்.

ஆகக்கூடிக் காலைப் பலகாரமும் ராத்திரிச் சாப்பாடும் சித்ரலேகா தலையில். காலைதான் அவளைக் கொன்றது. ஜங்ஷனிலிருந்து சாத்தான்குளம் பஸ் ஆறு பத்துக்கு. அதை விட்டால் ஏழு இருபது, அதில் போனால் பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்திருக்கும். ஆறு பத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் ஐந்தரைக்கு வாசல் இறங்க வேண்டும். அதனால் மூன்று மணிக்கு எழுந்தாள். இட்லி அவித்தாள், சட்னி அரைத்தாள், சாம்பார் கூட்டினாள். எட்டு மணிக்கு அதையெல்லாம் தட்டில் எடுத்து வைக்க ஆள் கிடையாது. ஆறிப்போன இட்லியைப் பார்த்து மாமனார் முகத்தைச் சுளிப்பார். பத்து வயசு மகள் சுகிர்தா தனக்கும் தம்பி சங்கருக்கும் போட்டுக்கொண்டு, பாதியை அப்படியே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிற சித்ரலேகாவை வரவேற்பது காய்ந்துபோன அந்தத் தட்டுகள்தான்.

மூன்று மணிக்கு எழுகிறவளுக்குப் பஸ்ஸில் தூக்கம் வராமல் என்ன செய்யும்? ஒரே மாதத்தில் மூன்று தடவை இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்விட்டாள். எதிர்ப் பஸ் பிடித்துத் திரும்பி வந்தால் மணி பத்து. தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், ஆனால் எழுத வேண்டியதை எழுதித்தானே ஆக வேண்டும். மூன்றாவது தடவை விளக்கம் கேட்டு ஒரு தாள் கொடுத்தார். இன்னும் வேலையே உறுதியாகாத ரெண்டு வருஷத்தில் இந்த மாதிரி இன்னொன்று விழுந்தால் நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா என்று பைய சொன்னார். பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கின வேலை, நாலு இட்லிக்காகப் போய்விடும் போலிருந்தது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் கமர் நிஷா. அதே பள்ளிக்கூடத்து டீச்சர், மேலப்பாளையத்துக்காரி, பேசினால் நேராகப் பேசுகிறவள். நீ காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். சித்ரலேகாவுக்கு ஞாபகமே வரவில்லை. கமர் நிஷா பையைத் துழாவி ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். துபாயிலிருந்து அவள் அண்ணன் கொண்டுவந்த டப்பாவில் இருந்ததாம். ஏதோ ஓட்ஸ் என்கிற தானியத்தை வறுத்து, தேனும் பருப்பும் உலர்ந்த திராட்சையும் சேர்த்துக் கலந்தது. அங்கெல்லாம் வெள்ளைக்காரன் காலையில் அடுப்புப் பக்கமே போக மாட்டானாம். இதில் பாலை ஊற்றித் தின்றுவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பானாம்.

சித்ரலேகா வாயில் போட்டு மென்றாள். மொறுமொறுவென்று இருந்தது. இனிப்பு கொஞ்சம் தூக்கல். இரண்டாவது வாயில் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. அட, அவல் கிடைக்காத ஊர்க்காரன் செய்கிற வேலையல்லவா இது! அவலும் நிலக்கடலையும் பொரிகடலையும் நம் கடைத்தெருவில் குவிந்து கிடக்கிறது. கருப்பட்டிக்கோ, அவள் தினமும் பஸ்ஸில் கண்விழிக்கிற இடமே பனங்காடு. ஜங்ஷனில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பலசரக்குக் கடைக்குப் போய்க் கெட்டி அவல் ஒரு கிலோ கட்டச் சொன்னாள்.

முதல் தடவை செய்தது படுதோல்வி. அது அவள் தப்பில்லை, கையின் தப்பு. நெல்லைச் சீமைப் பெண்பிள்ளை கையில் கருப்பட்டிப் பாகைக் கொடுத்தால் அந்தக் கை எங்கே போய் நிற்கும்? உருண்டைப் பதத்தில்தான் போய் நிற்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, கிண்ணத்து ஓரத்தில் தட்டி, ணங்கென்று சத்தம் வந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. பொரிவிளங்காய் உருண்டைக்கு அது சரி. சித்ரலேகா பழக்கதோஷத்தில் அந்தப் பதத்துக்கே பாகை ஏற்றி, வறுத்த அவலின் தலையில் ஊற்றிவிட்டாள். ஆறினதும் சட்டி வேறு, அவல் வேறு என்று பிரிக்க முடியவில்லை. அம்மிக்குழவியால் தட்டி எடுத்தாள். சங்கர் ஒரு துண்டை வாயில் போட்டு ஆடிக்கொண்டிருந்த பல்லைக் கழற்றிக்கொண்டான். அவனுக்கு அதில் ஏகச் சந்தோஷம்.

இரண்டாவது தடவை மெல்லிசு அவலில் செய்தாள், பொடியாகிப் போனது. மூன்றாவது தடவை எல்லாம் சரி, கருப்பட்டியை வடிகட்ட மறந்துபோனாள். வாயில் நறநறவென்று மணல். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. விட்டுவிடுகிற ரகமா அவள்? பதினோரு வருஷம் பதிவைப் புதுப்பித்தவள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை விஷயம் கைக்கு வந்தது. செய்முறை பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. கெட்டி அவலை இரும்புச் சீனிச்சட்டியில் சின்னத் தீயில் வறுக்க வேண்டும். நிறம் மாறக்கூடாது, விரலில் நசுக்கினால் மட்டும் நொறுங்க வேண்டும். நிலக்கடலையை வறுத்துத் தேய்த்துச் சொளவில் புடைத்துத் தோலை ஊதிவிட வேண்டும். எள்ளு படபடவென்று வெடிக்கிற வரைக்கும் வறுக்க வேண்டும். தேங்காய்ச் சில்லை நகக்கண் அளவுக்கு நறுக்கி, ஒரு கரண்டி நெய்யில் பொன்னிறமாக எடுக்க வேண்டும். பொரிகடலைக்கு அடுப்பு வேண்டாம், அப்படியே போடலாம். கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டுக் காய்ச்ச வேண்டும். இங்கேதான் கையை அடக்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவில் பிசுபிசுவென்று ஒட்டினால் போதும், அந்த நிமிஷமே எல்லாவற்றையும் கொட்டிக் கிளற வேண்டும். மறுபடியும் சின்னத் தீயில் ஈரம் போகும்வரை சட்டுவத்தால் புரட்டிக்கொண்டே இருந்து, பேப்பரில் பரப்பி, சூடு ஆறுமுன் கையால் உதிர்த்துவிட வேண்டும். நன்றாக ஆறின பிறகு சம்படத்தில் போட்டு மூடி வைத்தால் பத்து நாளைக்குக் கவலை இல்லை.

பிள்ளைகள் அதற்கு மொறுமொறு என்று பேர் வைத்தார்கள். முந்தின நாள் சாயங்காலமே காய்ச்சின பாலை ஊற்றி, மேலே ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டால் கிண்ணம் இரண்டு நிமிஷத்தில் காலி. சுகிர்தா பாலே ஊற்றாமல் ஒரு பிடி எடுத்துப் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கார்த்திகேசன் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். பூதலிங்கம் பால் ஊற்றி நன்றாக ஊறவிட்டுச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கிண்ணம் மட்டும் சுத்தமாகக் காலியாகி வந்தது. அதுவே பெரிய சர்ட்டிபிகேட் என்று சித்ரலேகா எடுத்துக்கொண்டாள். நாலரைக்கு எழுந்தாள், ஐந்தரைக்குப் புறப்பட்டாள், தனக்கான காபியை ஜங்ஷனில் நின்றபடி குடித்தாள். அதற்கப்புறம் ஒரு நாள்கூட அவள் பிந்தவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாகப் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

இப்படி ஒரு வீடு நிம்மதியாக இருந்தால் யாருக்காவது பொறுக்குமா?

மார்கழி மாதம். கோமு திருப்பள்ளியெழுச்சிக்குப் போய்விட்டுக் கோவில் பொங்கலோடு ஏழு மணிக்குத் தம்பி வீட்டுக்குள் நுழைந்தாள். பிள்ளைகள் இரண்டும் கிண்ணத்தோடு உட்கார்ந்து கறுக்குமுறுக்கென்று தின்றுகொண்டிருந்தன. கோமு அடுப்படிக்குப் போனாள். கேஸ் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. பால் சட்டியைத் தொட்டாள், அதுவும் ஜில்லென்று இருந்தது. எத்தனை நாளாக இப்படி என்று சுகிர்தாவைக் கேட்டாள். அது பிள்ளைதானே, ரெண்டு மாசமா அத்தை என்று உள்ளதைச் சொல்லிவிட்டது.

அன்று சாயங்காலம் சித்ரலேகா பையைக் கீழே வைக்கவில்லை, கோமு வந்து நின்றாள். துட்டி வீட்டில்தான் அடுப்பு பற்றாது. செத்த பிணத்தை எடுக்கிற வரைக்கும் அடுப்பு பற்ற வைக்காமல், சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பதைத் தின்பார்கள். ஒரு குறையும் இல்லாத வீட்டில், விடியக்காலம் அடுப்பு எரியாமல், பிள்ளைகளுக்கு அவலையும் பொரிகடலையும் போட்டால் அது என்ன வீடு? இதுதான் கோமுவின் கேள்வி. காலையில் புகை எழும்பாத வீட்டில் லட்சுமி நிற்க மாட்டாள் என்றும் சொன்னாள். கேஸ் அடுப்பில் எங்கிருந்து புகை எழும்பும் என்று கேட்கக்கூடாது, கேட்டால் இன்னும் கோபம் வரும். சித்ரலேகா ஒன்றுதான் சொன்னாள். கண்ணனுக்கே கொடுத்த பண்டம் மதினி, உங்க மருமகனுக்கு ஆகாதா என்றாள். அது பெருமாள், நாம சைவம் என்று கோமு வெட்டினாற்போல் சொல்லிவிட்டுப் போனாள்.

அதோடு முடிந்திருக்கும். பூதலிங்கம் விழுந்து தொலைத்ததுதான் வினையாயிற்று. தை மாதம் இரண்டாம் வாரம், குறுக்குத்துறைப் படியில் பாசி வழுக்கிக் கணுக்கால் பிசகி எலும்பில் விரிசல் விட்டுப்போயிற்று. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. இனி ஆறு கிடையாது, கோவில் கிடையாது, கிளப் கடைக் காபியும் கிடையாது. கட்டிலில் கிடந்துகொண்டு ஆறு மணிக்கே காபி கேட்டார். கோமுவுக்கு வேறு என்ன வேண்டும்? அடுப்பு அணைந்த வீட்டில் இதுமாதிரிதான் நடக்கும், இது முதல் எச்சரிக்கை, அடுத்தது என்னவோ என்று தெருவில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். படியில் பாசி பிடித்ததற்கும் சித்ரலேகாவின் அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்தத் தெருவில் ஒருத்தருக்கும் வாய் இல்லை. எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை. சித்ரலேகா அடுப்படியில் அந்த வாரத்து அவலை வறுத்து முடித்துப் பாகைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வெளியே முன்கட்டுப் பட்டாசாலையில் மாமனார் கட்டிலில் இருந்தார், பக்கத்தில் கோமுவும் கார்த்திகேசனும். மூன்று பேரும் வெகுநேரம் மெதுவாகப் பேசினார்கள். பிறகு கார்த்திகேசன் ஒரு முழுத் தாளோடு அடுப்படிக்கு வந்தார். பின்னாலேயே கோமுவும் வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

ராஜினாமாக் கடிதம். அவர் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், ஆபீஸில் அதற்குப் பேர் போனவர். ஐயா, அம்மா என்று தொடங்கி, பணிவு, கனிவு எல்லாம் வரிசையாக வைத்து, கீழே அவள் பேரையும் எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

“குடும்பச் சூழ்நிலை காரணமாகன்னுதான் எழுதியிருக்கேன். மரியாதையா இருக்கும். ஒரு கையெழுத்துப் போட்டிரு சித்ரா” என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சட்டியைப் பார்த்துச் சொன்னார்.

சித்ரலேகா தாளை வாங்கினாள். முழுவதும் படித்தாள். அவளுக்கு அழுகை வரும் என்றுதான் கோமு காத்திருந்தாள். வந்தது அழுகையில்லை, எரிச்சல். இந்த ஆள் இவ்வளவு அழகாக எழுதுவார், பதினோரு வருஷத்தில் எனக்காக ஒரு மனு எழுதியதில்லையே, இதற்கு மட்டும் கை இப்படி ஓடியிருக்கிறதே என்கிற எரிச்சல். விரலில் பாகு பிசுபிசுத்தது. பதம் வந்துவிட்டது, பதம் யாருக்காகவும் நிற்காது. தாளை மேடையில் வைத்துவிட்டு அவலையும் கடலையையும் எள்ளையும் கொட்டிக் கிளறினாள். சட்டுவம் சட்டியில் உரசுகிற சத்தம் மட்டும் கால் மணி நேரம் கேட்டது. ஈரம் போனதும் பிடிதுணியால் சட்டியைத் தூக்கினாள். இறக்கி வைக்க மேடையில் எதையாவது விரிக்க வேண்டும். கைக்கு எட்டினது அந்தத் தாள்தான். அதன்மேல் வைத்தாள்.

காகிதம் கருகுகிற வாசம் வந்தது. கார்த்திகேசன் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார்.

“அடுப்பு எரியணும், அவ்வளவுதான மதினி?” என்றாள் சித்ரலேகா. குரல் ஏறவில்லை, வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற குரல்தான். “எரியட்டும். நான் வேண்டாம்னா சொல்லுதேன்? துட்டி வீட்ல பத்தக்கூடாதும்பாக, நல்ல வீட்ல பத்தணும்பாக. யாரு பத்த வைக்கணும்னு ஒருத்தரும் சொல்லி நான் கேட்டதில்ல. அஞ்சரைக்கு நான் போனதுக்கப்புறம் இந்த வீட்ல ரெண்டு ஆம்பளைங்க இருக்காங்க. ஒருத்தருக்குக் கால்ல கட்டு. இன்னொருத்தருக்குக் கையில கட்டு ஒண்ணும் இல்லையே.”

கோமு வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஆம்பிளையை அடுப்படிக்கு அனுப்புகிற கொடுமையைச் சுவாமி பார்த்துக்கொண்டிருக்க மாட்டார் என்றாள். தம்பியைப் பார்த்து, ஏலே, நீ ஒரு வார்த்தை சொல்லுலே என்றாள். தம்பி கருகுகிற தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி ஆயுதத்தையும் எடுத்தாள், நாளையிலிருந்து மத்தியானச் சோறு என் வீட்டிலிருந்து வராது என்றாள்.

“நீங்க இத்தனை நாள் குடுத்ததுக்கு நான் மறக்க மாட்டேன் மதினி. வரலைன்னாலும் பட்டினி கிடக்க மாட்டோம். அதுக்கும் இதே அடுப்புதான்” என்றாள் சித்ரலேகா. சட்டியிலிருந்து அவலைப் பேப்பரில் கொட்டி, சுடச்சுட உதிர்க்க ஆரம்பித்தாள். விரல் சிவந்துபோயிற்று, அவள் நிறுத்தவில்லை.

கட்டிலிலிருந்து பூதலிங்கம் சத்தம் கொடுத்தார். சாத்திரமும் வேண்டாம் சண்டையும் வேண்டாம், நாளைக்கு எனக்குக் காபி உண்டா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்றார். உங்க மகன்ட்ட கேளுங்க மாமா என்று சித்ரலேகா உள்ளேயிருந்தே பதில் சொன்னாள். சட்டியைத் தூக்கிக் கழுவப் போட்டபோது கடிதத்தின் நடுவில் வட்டமாகக் கருகியிருந்தது. பணிவு கனிவெல்லாம் அந்த வட்டத்துக்குள் போய்விட்டது.

திங்கட்கிழமை. வழக்கம்போல நாலரைக்கு எழுந்து குளித்தாள். பிள்ளைகளின் கிண்ணத்தை எடுத்து வைத்தாள், மூடி வைத்த பாலைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். ஒரு பிளாஸ்கில் காபி போட்டு வைத்துவிட்டுப் போனால்தான் என்ன, பத்து நிமிஷம்தானே என்று நீங்கள் கேட்கலாம். அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. கை தானாகவே அடுப்புப் பக்கம் போயிற்று. அந்தப் பத்துப் பத்து நிமிஷமாகத்தான் பதினோரு வருஷம் போனது என்று நினைத்துக்கொண்டாள். கையை எடுத்துப் பையின் காதைப் பிடித்தாள். போயிட்டு வாரேன் மாமா என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். கார்த்திகேசன் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தார். அவரிடமும் சொன்னாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வாசலில் இறங்கி நாலு எட்டு வைத்திருப்பாள். உள்ளே தீப்பெட்டி குலுங்குகிற சத்தம் கேட்டது. ஒரு குச்சி கிழிந்தது. இன்னொரு குச்சி. அப்புறம் மூன்றாவது. ஒன்றும் நடக்கிற மாதிரி தெரியவில்லை. இரண்டு வீடு தள்ளிக் கோமு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சித்ரலேகாவின் கால் நின்றுவிட்டது. ஒரே நிமிஷம், ஓடிப்போய்ப் பற்ற வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று உடம்பெல்லாம் துடித்தது. போனால் நாளைக்கும் போக வேண்டும். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

கார்த்திகேசன் வாசலுக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், ஒரு கையில் தீப்பெட்டி, இன்னொரு கையில் எரிந்து முடிந்த குச்சி. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்புறம் கேட்டார்:

“சித்ரா, அந்த அடுப்புக் குமிழை எந்தப் பக்கம் திருப்பணும்?”

பதினோரு வருஷம் அந்த அடுப்பில் வெந்ததைத் தின்ற மனிதர். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அடித்துவிடலாம் போலவும் இருந்தது. படியேறவில்லை. நின்ற இடத்திலிருந்தே, கோமுவின் ஜன்னலுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“குச்சியக் கிழிச்சுக்கிட்டு, அமுக்கி, இடது பக்கம் திருப்புங்க. பால் பொங்கும், அங்கனயே நில்லுங்க.”

சொல்லிவிட்டு நடந்தாள். பற்றியதா இல்லையா என்று அவள் நின்று பார்க்கவில்லை. அவள் ஜங்ஷன் போய்ச் சேர்ந்தபோது சாத்தான்குளம் பஸ் புறப்பட இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.